மாஸ்டரின் புது மாணவி

ஜனவரி 14

கடுகுக்கு,

கோபத்தோட எழுதக் கூடாதுன்னு இத்தனை நாள் தள்ளிப் போட்டேன். கோபம் போற வழியைக் காணோம். அதனால அதையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டே எழுதுறேன்.

சாப்பாட்டு மேஜை மேல வீட்டுச் சாவியை வெச்ச. பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டு. "எனக்கு இது வேணும்க்கா, மன்னிச்சிடு." அவ்வளவுதான். நாற்பத்தஞ்சு வயசுல ஒருத்தி மருந்துக் கடை வேலையை உதறிட்டு, மலை மேல இருக்கிற மௌன இல்லத்துல கண்ணை மூடி உட்காரப் போறா. அதுக்கு அந்த ஒரு வரி போதும்னு உனக்குத் தோணியிருக்கு. அப்பாவுக்கு ஞாபகம் கரைஞ்சுக்கிட்டே வருதுன்னு உனக்குத் தெரியும். அக்கா வீட்டுலயே ஜன்னல் திரை தைக்கிறவ, எங்க போயிடப் போறா, பார்த்துப்பான்னு நினைச்சிருப்ப. நினைச்சது தப்பில்லை. பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

விஷயத்துக்கு வர்றேன். நீ போன பிறகு அப்பா இருட்டு விலகறதுக்கு முன்னாடியே எழுந்துக்க ஆரம்பிச்சுட்டார். ஒருநாள் எழுந்து பார்த்தா கதவு திறந்து கிடக்கு, ஆளைக் காணோம். இரவு உடுப்போடயே தெருத்தெருவா ஓடினேன். கடைசியில பார்த்தா, நகராட்சி நீச்சல் குளத்து வாசல்ல நிக்கிறார். கம்பிக் கதவைப் பிடிச்சு ஆட்டிக்கிட்டு, "இன்னும் திறக்கலையா? பிள்ளைங்க வந்துடுவாங்க"ன்னு அதட்டிக்கிட்டு இருக்கார். வேலையை விட்டு எத்தனையோ வருஷமாச்சுன்னு அவருக்கு எங்க தெரியுது?

இப்ப குளத்தைப் பார்த்துக்கிறது ஒரு குண்டு அம்மா. கழுத்துல எப்பவும் விசில் தொங்கும். விசில்காரின்னு நானே பேர் வெச்சுட்டேன். திட்டுவாளோன்னு பயந்தேன். அவ "வாங்க மாஸ்டர்"னு சொல்லிக் கதவைத் திறந்து விட்டா. சின்ன வயசுல அப்பாகிட்டதான் நீச்சல் கத்துக்கிட்டாளாம். அப்பா குளத்து ஓரத்துல குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, கையை நனைச்சு மோந்து பார்த்துட்டு, "தண்ணியில மருந்து கொஞ்சம் தூக்கல்"னார். அன்னிக்கு முழுக்கச் சமர்த்தா இருந்தார். சாப்பிட்டார், தூங்கினார்.

கூட்டிட்டுப் போகாத நாள்ல வீடு ரெண்டு படுது. அதனால தினமும் கூட்டிட்டுப் போறேன். உங்க இல்லத்துல மணி அடிச்சு எழுப்புவாங்களாமே. இங்க மணியெல்லாம் கிடையாது. அப்பா என் கட்டில் காலை உதைப்பார்.

அங்க கடவுள் வந்தா, இந்தப் பக்கமும் ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொல்லு. ஓரம் மடிச்சுத் தைக்க வேண்டிய துணி மலையா கிடக்கு.

அக்கா


பிப்ரவரி 6

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். திட்டு விழுந்த இடங்களில்தான் உன் குரல் நன்றாகக் கேட்டது. இங்கே குரல் என்பதே அபூர்வம். அதனால் திட்டும் இனிக்கிறது.

நான் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பதாக நினைக்கிறாய். என்னைச் சலவைக்குப் போட்டிருக்கிறார்கள். சில நாள் அமைதியாக இருந்துவிட்டுப் போக வருகிறவர்களின் படுக்கை விரிப்புகள் எல்லாம் என் பொறுப்பு. இந்த மலையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போகிறது. கொடியில் போட்ட விரிப்பு பாதி காய்வதற்குள் மறுபடி நனைந்துவிடும். அந்த வெள்ளைத் துணிகளுக்கு நடுவே நடக்கும்போது எது துணி, எது மேகம் என்று தெரியாது. சில சமயம் எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு முகம் முளைக்கும். சிரித்துக்கொள்வோம். மறுபடி மறைந்துவிடும். அவர் பெயர் எனக்குத் தெரியாது. என் பெயர் அவருக்கும் தெரியாது.

விடியலில் எல்லோரும் கூடத்தில் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்ததும் தூங்கிவிடுகிறேன். ஒருநாள் பக்கத்தில் இருந்தவர் தோளிலேயே சாய்ந்துவிட்டேன். இல்லத்தை நடத்துகிறவரைப் பெரியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரிடம் போய் வருத்தம் சொன்னேன். "தூங்கினா என்ன? இங்க வந்துதானே தூங்கின?" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

ஏன் வந்தேன் என்று நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன். மருந்துக் கடையில் எல்லோருக்கும் எந்த மாத்திரையை எந்த வேளைக்கு என்று உறை மேல் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பேனாவைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன். என்னுடைய நாள் எதற்காக விடிகிறது என்று என் உறை மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. கேட்க உனக்குச் சிரிப்பாக இருக்கும். அன்று நான் மேற்கொண்டு ஒரு உறையும் எழுதவில்லை.

அப்பா என்னைக் கேட்கிறாரா?

இன்னொன்று. ஜூலையில் இங்கே என்னிடம் கேட்பார்கள், இருந்துவிடுகிறாயா, போகிறாயா என்று. இருக்கிறவர்களுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சால்வை போர்த்துவார்கள். அதன் பிறகு வருஷத்துக்கு ஒருமுறைதான் வீட்டுக்கு வரலாம். இதை வேறு யாரிடமும் சொல்லவில்லை.

கடுகு


மார்ச் 20

கடுகு,

கேட்டதுக்குப் பதில்: இல்லை, கேட்கல. என்னையும்தான் கேட்கல. அவர் கேட்கறதெல்லாம் குளத்துச் சாவியை.

இப்ப நான் சொல்லப் போறதைக் கேட்டுச் சிரிச்சா சிரி. அங்க சத்தமாச் சிரிக்க விடமாட்டாங்கன்னு ஒரு தைரியம்.

தினமும் அப்பா ஓரமா நடந்துக்கிட்டு இருப்பார், நான் பெஞ்சுல உட்கார்ந்து திரைத் துணிக்கு ஓரம் தைப்பேன். போன மாசம் ஒரு காலையில நேரா என்கிட்ட வந்து நின்னார். கையைப் பின்னால கட்டிக்கிட்டு, ரொம்ப மரியாதையா, "அம்மா, புதுசா சேர வந்தீங்களா? தினமும் பார்க்கறேன், தண்ணியில இறங்கவே மாட்டேங்கறீங்களே"ன்னார்.

"ஆமா மாஸ்டர், பயமா இருக்கு"ன்னேன்.

"பயம் இருக்கறவங்கதான் ஒழுங்கா கத்துப்பாங்க. நாளைக்கு உடுப்போட வாங்க."

எனக்கு அம்பத்தோரு வயசு. கடையில நீச்சல் உடுப்பு கேட்டா, அந்தப் பொண்ணு "எந்த வயசுக் குழந்தைக்கு?"ன்னு கேக்கறா. பெரிய குழந்தைக்குத்தான்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். கண்ணாடியில பார்த்துக்கல. பார்த்திருந்தா போயிருக்க மாட்டேன்.

ஆழமில்லாத பக்கம், இடுப்பளவுத் தண்ணி. அப்பாவும் கூட இறங்கினார். வீட்டுல சட்டைப் பொத்தான் போடத் தெரியாம முழிக்கிறவர், தண்ணியில கால் வெச்சதும் வேற ஆள். முதுகு நிமிர்ந்துடுது. "முகத்தை உள்ள வைங்கம்மா. தண்ணி உங்களை ஒண்ணும் பண்ணாது"ன்னார். வெச்சேன். காது அடைச்சு, உலகமே தள்ளிப் போன மாதிரி ஒரு நிசப்தம். நீ அங்க தேடிப் போனது இதுதானோன்னு ஒரு நிமிஷம் தோணிச்சு. அடுத்த நிமிஷம் மூக்குல தண்ணி ஏறிடுச்சு.

இதையும் சொல்லிடறேன். அம்மா படுத்த படுக்கையா இருந்தப்ப எனக்குப் பத்து வயசு. உன்னைத் தோள்ல தூக்கிட்டு அப்பா குளத்துக்குப் போவார். வீட்டுல ஒரு ஆள் இருந்தாகணும், அந்த ஆள் நான். ஈரத் தலையோட சிரிச்சுக்கிட்டு வருவ. உன் தலையைத் துவட்டுறதும் நான்தான். ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் கொடுத்த மனுஷன் என்னை ஒருநாளும் வான்னு கூப்பிட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

போன வாரம் மூச்சு வாங்க நின்னப்ப, "நீங்க யார் வீட்டுப் பொண்ணு?"ன்னு கேட்டார்.

"மாஸ்டர் வீட்டுப் பொண்ணு."

"எந்த மாஸ்டர்?"

"நீச்சல் மாஸ்டர்."

கொஞ்சம் யோசிச்சார். "அவர் நல்லாச் சொல்லித் தருவாரே. அவர்கிட்டயே கத்துக்கிட்டிருக்கலாமே"ன்னார்.

நான் முகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டேன். அழறதுக்கு அதைவிட வசதியான இடம் உலகத்துலயே கிடையாது.

சால்வை விஷயம் உன் முடிவு. என்னைக் கேட்டா வீட்டுக்கு வான்னுதான் சொல்வேன். அதனால என்னைக் கேட்காதே.

அக்கா


ஏப்ரல் 25

அன்புள்ள அக்கா,

சிரிக்கவில்லை. உன் கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டே விரிப்புகளை அலசினேன். எடுத்துப் பார்த்தால் ஓரமெல்லாம் மை கரைந்திருந்தது.

எனக்குப் பொறாமையாக இருக்கிறது. இதை எழுத வெட்கமாகவும் இருக்கிறது. ஒன்றையும் நம்பாதவள் நீ. "விளக்கு ஏத்தினா எண்ணெய்ச் செலவுதான்" என்று சொன்னவள். உனக்குக் குளத்தில் கிடைக்கிற நிசப்தம், இவ்வளவு தூரம் ஏறி வந்த எனக்கு இங்கே கிடைக்கவில்லை. முதலில் தூக்கமாவது வந்தது. இப்போது அதுவும் வருவதில்லை. கண்ணை மூடினால் வெறும் கண்ணிமையின் உட்பக்கம். பேசினால் பதில் வராத கிணறு மாதிரி. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் எங்கேயோ போய்விட்டார்கள், நான் மட்டும் அவர்கள் செருப்பைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றுகிறது.

நேற்று ஒரு கனவு. ஒரு நீளமான விரிப்பைப் பிழிகிறேன், முடிவே வரவில்லை. மறுமுனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று பார்க்கப் போகிறேன். போய்க்கொண்டே இருக்கிறேன். உன் தையல் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கிறது.

அக்கா, நான் வந்துவிடட்டுமா? அப்பாவைக் குளிப்பாட்டுவேன், மருந்து வேளைகளைப் பார்த்துக்கொள்வேன். அந்த வேலையாவது உபயோகமாக இருக்கும். கேட்காதே என்றாய். கேட்டுவிட்டேன். வா என்று ஒரு வரி எழுது, அடுத்த பஸ்ஸில் இறங்குகிறேன்.

கடுகு


மே 9

கடுகு,

எழுத மாட்டேன்.

"வா"ங்கிற ஒரு எழுத்து என் பேனா முனையில வந்து நிக்குது. அதை எழுதறதைவிட எழுதாம இருக்கறதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு. இங்க வந்து அப்பாவுக்கு மருந்து கொடுப்ப, சரி. அங்க முடியலன்னு இங்க வந்தா, தினமும் காலையில உன் மூஞ்சியில அந்த மலை தெரியும். அதைப் பார்த்துக்கிட்டு என்னால திரை தைக்க முடியாது. அங்க வேண்டாம்னு உனக்கே தோணினா, அன்னிக்குப் பெட்டியோட வா. கதவு திறந்துதான் இருக்கும். மத்தபடி, பார்க்கணும்னா பார்க்க வா.

எனக்கு மட்டும் இங்க தினமும் கிடைச்சுக்கிட்டே இருக்குன்னு யார் சொன்னா? ஓட்டை அடைக்கணும்னு குளத்துத் தண்ணியை மொத்தமா இறைச்சுட்டாங்க. முதல் நாள் அப்பாகிட்ட, "இன்னிக்கு விடுமுறை மாஸ்டர்"னு சொன்னேன். காதுல வாங்கல. கட்டில் ஓரத்துல துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டுப் பொழுது சாயற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். சாப்பிடல. ரெண்டாம் நாளும் அப்படியே. மூணாம் நாள் எனக்கே பைத்தியம் பிடிச்சிடும் போல ஆயிடுச்சு. தண்ணி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன, எழுந்தாச்சு, கிளம்பிடலாம்னு கூட்டிட்டுப் போனேன்.

விசில்காரி கதவைத் திறந்தா. வேலையாளுங்க இன்னும் வரல. அப்பா படியில இறங்கினார், நானும் இறங்கினேன். குளத்தோட அடித்தரை, கடுகு. நீ எவ்வளவோ தடவை மேல நீந்தியிருப்ப, அங்க நடந்திருக்க மாட்ட. நீலச் சதுரக் கல்லு, அங்கங்க கொஞ்சம் ஈரம். கூரைக் கண்ணாடி வழியா வர்ற வெளிச்சம் அந்த ஈரத்துல விழுந்து சுவர் முழுக்க அசையுது. தண்ணி போயிடுச்சு, அலை மட்டும் இருக்கு.

அப்பா என் கையைப் பிடிச்சுக்கிட்டார். தரை மெதுவாச் சரியுது. "இங்கேயிருந்து கால் எட்டாது, பதட்டப்படாதீங்க"ன்னு சொல்லிக்கிட்டே கூட்டிட்டுப் போறார். சுவர் எங்க தலைக்கு மேல உயர்ந்துக்கிட்டே போகுது. பேசினா எதிரொலிக்குது. ஆழமான பக்கத்துல, நட்ட நடுவுல நின்னு ரெண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"எவ்வளவு ஆழத்துல நிக்கறோம் பார்த்தீங்களா?"ன்னார்.

"ஆமா மாஸ்டர்."

"மூச்சு முட்டுதா?"

"இல்லை."

"அவ்வளவுதான்"னார். என்னமோ பெரிய பாடம் முடிஞ்ச மாதிரி கையை விட்டுட்டு, அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துட்டார். நானும் உட்கார்ந்தேன். வேலையாளுங்க வந்து சிமெண்டுப் பையை இறக்கற வரைக்கும் அங்கதான் இருந்தோம்.

அன்னிக்கு மதியம் சாப்பிட்டார். தண்ணி நிரப்புற வரைக்கும் தினமும் போறோம். வெறும் குளத்துலதான் நடக்கறோம். எதுக்குன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

தண்ணி வந்த பிறகு ஒரு தடவை வந்து பாரு.

அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்கா,

இல்லத்துக்குப் பத்திரமாக வந்து சேர்ந்தேன். பஸ் மலை ஏறத் தொடங்கியதும் மேகத்துக்குள் நுழைந்தோம். ஓட்டுநருக்கு வழி எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. எனக்குப் பயமில்லை. உன் வீட்டுச் சோப்பு வாசனை கையில் இருந்தது.

அங்கே இருந்தபோது சொல்லாததை எல்லாம் இப்போது சொல்கிறேன். பேசாமல் இருந்து பழகியவளுக்கு எதிரே உட்கார்ந்து பேச வரவில்லை.

கதவைத் திறந்து அப்பா, "யார் வேணும்?" என்று கேட்டார். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தேன். ஆனால் மறுநாள் காலைக்குத் தயாராக இல்லை. குளத்தில் என்னிடம் உன்னைக் காட்டி, "இவங்க என் மாணவி. லேட்டா சேர்ந்தாங்க, ஆனா ஒருநாள் கூடத் தவறினதில்லை" என்றார். அந்தப் பெருமையை அவர் குரலில் நான் கேட்டதே இல்லை. நான் குதித்து, அந்த முனைக்கும் இந்த முனைக்கும் வேகமாக நீந்திக் காட்டினேன். உனக்கு அது புரிந்திருக்கும். நாலு வயதுக் கடுகு மாதிரி, பாருங்கப்பா, பாருங்கப்பா என்று நீந்தினேன். அவர் திரும்பவே இல்லை. நீ மிதவைப் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை அடித்துக்கொண்டிருந்தாய். "மூச்சை விடுங்க, விட்டாதான் வாங்க முடியும்" என்று உன் கூடவே நடந்துகொண்டிருந்தார்.

வலித்தது. குளத்து ஓரத்தில் உட்கார்ந்து அந்த வலி போகட்டும் என்று காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் போய்விட்டது. பிறகு உன்னைப் பார்த்தேன். உன் முகம் தண்ணீருக்குள் போகிறது, வருகிறது, போகிறது. எங்கள் கூடத்தில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவர்களில் கூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. பொறாமை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பசிதான் வந்தது. அன்று நாம் இருவரும் எவ்வளவு சாப்பிட்டோம்.

பஸ் நிலையத்தில் நீ என்னை இரு என்று சொல்லவில்லை. "சில்லறை வெச்சிருக்கியா?" என்று மட்டும் கேட்டாய். உன் தாடை இறுகியிருந்ததைப் பார்த்தேன் அக்கா.

நேற்றுப் பெரியம்மா கூப்பிட்டுக் கேட்டார்.

"ஏதாவது கிடைச்சுதா?"

"இல்லை."

"பிறகு ஏன் இருக்கணும்கற?"

"தினமும் காலையில எழுந்து வந்து உட்கார ஒரு இடம் இருக்கு. மீதி நாள் அதிலேருந்துதான் ஆரம்பிக்குது. அது போதுமான்னு எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்று சொல்லிச் சால்வையைப் போர்த்திவிட்டார். கரடுமுரடான கம்பளி, கழுத்தில் அரிக்கிறது. எந்த வேலை வேண்டும் என்று கேட்டார். சலவையே இருக்கட்டும் என்றேன்.

இன்று விடியலிலும் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் இன்று நான் ஏதோ வரப்போகிறது என்று வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காரவில்லை. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். வெளியே வந்தபோது மேகம் கலைந்திருந்தது. துணிகள் எல்லாம் ஒரே நாளில் காய்ந்தன.

கடுகு


ஆகஸ்ட் 30

கடுகு,

முதல்ல அப்பா. கால் ரெண்டும் விட்டுடுச்சு. பயப்படற மாதிரி இல்லை, வயசுதான்னு டாக்டர் சொல்றார். இனிமே குளம் வேண்டாம்னுட்டார். ஆச்சரியம் என்னன்னா, அப்பா அதுக்கு அடம் பிடிக்கல. கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டேன். வெளிச்சம் சுவர்ல அசையறதைப் பார்த்துக்கிட்டுப் படுத்திருக்கார். நல்ல மெல்லிசுத் துணியா பார்த்து அந்த ஜன்னலுக்கு ஒரு திரை தைச்சேன். காத்துல அது உப்பி, அடங்கி, உப்பி அடங்குது. அவர் மூச்சும் அதே மாதிரி போகுது.

அவர் போகாத முதல் நாள் நானும் போகல. யாருக்காகப் போகணும்? விடியறப்ப முழிப்பு வந்துடுச்சு. கட்டிலை உதைக்க ஆளில்லை. புரண்டு படுத்தேன். துணி வெட்டலாம்னு எழுந்து கத்திரியை எடுத்தா, கை கோணலாப் போகுது. அந்த நாள் முழுக்க எதுலயும் நான் சரியா உட்காரல.

மறுநாள் அடுத்த வீட்டு டைப்பிஸ்ட் அம்மாவை அப்பாகிட்ட உட்கார வெச்சுட்டுக் கிளம்பினேன். விசில்காரி எட்டிப் பார்த்தா.

"மாஸ்டர் வரலையா?"

"இனிமே வர மாட்டார்."

"அப்ப நீங்க எதுக்கு வந்தீங்க?"

"எனக்கு வகுப்பு இருக்கு"ன்னேன். அவ விசிலை வாயில வெச்சு மெதுவா ஒரு ஊது ஊதினா. ஆரம்பிக்கலாம்னு அர்த்தம்.

அதுலேருந்து தினமும் போறேன். நேத்துக் காலையில முதல் தடவையா ஆழமான பக்கத்துக்கு நீந்தினேன். பலகை இல்லாம. பாதி தூரம் போனப்ப, கீழே தரை இருட்டா எங்கேயோ போயிடுச்சு. திரும்பலாம்னா திரும்பறதும் அதே தூரம்தான். விசில்காரியைக் கூப்பிட வாயைத் திறந்தா தண்ணி உள்ள போகுது. அப்ப என்ன பண்ணினேன்னா, ஒண்ணும் பண்ணல. மல்லாந்து படுத்துட்டேன். காது ரெண்டும் தண்ணிக்குள்ள. கூரைக் கண்ணாடியில விடிஞ்சுக்கிட்டிருக்கு. முதல்ல சாம்பல், அப்புறம் பால் மாதிரி, அப்புறம் சொல்லத் தெரியாத ஒரு நிறம். நான் எடையே இல்லாம கிடந்தேன். நன்றின்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சு. சத்தமாவே சொல்லிட்டேன். யாருக்குன்னு தெரியல. உடனே திரும்பிக் கையை வீசிக் கரைக்குப் போயிட்டேன்.

எனக்கு நம்பிக்கை வந்துடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லாதே. எண்ணெய் இன்னமும் செலவுதான். காலையில போறேன், நீந்தறேன், வந்து அப்பாவுக்குத் துடைச்சு விடறேன், தைக்க உட்கார்றேன். நாள் ஒரு திசையில போகுது. முன்னாடியெல்லாம் அது என் மேல ஏறிக்கிட்டுப் போகும்.

உன் சால்வை அரிச்சா உள்ளே ஒரு பருத்தித் துணி வெச்சுத் தைச்சுக்கலாம். அளவு எழுது, அனுப்பறேன். உங்க பெரியம்மா ஒத்துக்கலன்னா வெளியே தெரியாத மாதிரி தைச்சுத் தர்றேன்.

இன்னும் நிறைய எழுதணும்னு உட்கார்ந்தேன். மதியத் தூக்கம் கலைஞ்சு அப்பா உள்ளேயிருந்து கூப்பிடறார். பேர் எதுவும் சொல்லல. "யாராவது இருக்கீங்களா?"ன்னு கேட்கறார்.

இருக்கேன்னு சொல்லப் போறேன்.

அக்கா